பம்பாய்க்கு ஒரு பகல்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணி இருபது நிமிடம். ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது மேசைமேல் கிடந்த நீண்ட உறையை. அதன் மூலையில் விமானத் தபாலுக்கான நீலச் சீட்டு ஒட்டியிருந்தது. திருவனந்தபுரத்துக்கு விமானம் வரத் தொடங்கிய புதிது. நாகர்கோவிலில் அப்படி ஒரு உறையை அதுவரை நான் கண்டதில்லை.

உறை என் நண்பனுடையது. நாங்கள் இருவரும் அந்த மிஷன் பள்ளியில் வாத்தியார்கள். அவன் பி.ஏ. நான் அதே பரீட்சையை இரண்டு முறை எழுதித் தோற்றவன். பம்பாயில் ஒரு பள்ளிக்கூடம் பி.ஏ. படித்தவரைக் கேட்டிருந்தது. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் அங்கே சேர வேண்டும். அவனுக்கு நற்சான்று எழுதிய தலைமையாசிரியர் அதை எங்கள் முன்னால் படித்தும் காட்டியிருந்தார். ஒவ்வொரு வரியும் உண்மை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பூகோள வாத்தியார் சுவரில் தொங்கிய படத்தில் நூல் பிடித்து அளந்தார். திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு நேர்கோட்டில் எழுநூற்றைம்பது மைலுக்குச் சற்று மேல். பஸ்ஸில் திருநெல்வேலி போய், ரயிலில் சென்னை சுற்றினால் ஆயிரத்து இருநூறுக்கும் கூடுதல்.

“மூணு நாளு வண்டியில கெடக்காண்டாம். விடியக்காலம் ஏறினா அந்திக்கு பம்பாய்,” என்றார்.

“பம்பாய் சாரே, ராத்திரி கஞ்சிக்குத் திரும்பி வந்திருவீரா? இல்ல, அங்கேயே பொண்ணு பாத்தாச்சா வேய்?” என்று என் நண்பனைப் பார்த்துக் கேட்டார் டிராயிங் வாத்தியார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேலை கிடைக்கும் முன்பே அவனுக்குப் பட்டப்பெயர் கிடைத்துவிட்டது.

அப்போது நான் ஒரு பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்தி எழுதி அனுப்பி வந்தேன். விமானத்தைப் பற்றிய செய்தியும் நான் எழுதியதே. அச்சில் பாதியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய பாதியில் இருந்த விவரம் இது: விமானம் வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை காலை மட்டும் புறப்படும்.

மத்தியான இடைவேளையில் தபாலாபீஸுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். ரயில் தபாலில் போட அப்போதும் நேரமிருந்தது; வியாழக்கிழமை போய்ச் சேர்ந்திருக்கும். வாசலில் நின்று கேட்டான்.

“மக்கா, பேப்பருக்கு எழுதினவன் நீயில்லா. நேரத்துக்குப் போய்ச் சேருமா, சொல்லு. இல்லேன்னா ரயில்லயே விட்டிரட்டா?”

அவன் சட்டை புதிது. ஒரு உறையைத் தபாலில் போடுவதற்குப் புதுச் சட்டை போட்டிருந்தான்.

“விமானத்துக்கு ஒரு பகல் போதும்லே,” என்றேன்.

“அது போதும் மக்கா. அங்க போயிட்டு ஒனக்கும் ஒரு எடம் பாக்கேன்.”

பெட்டியில் போடுமுன் முகவரியை இன்னொரு முறை, எழுத்து எழுத்தாகப் படித்தான். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. நான் எதிரே நின்ற திருநெல்வேலி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்த உறை திருவனந்தபுரத்தில் இருந்தது.