நெஞ்சளவுத் தண்ணீரில் தெரியவந்தது

நான்கு அடி முன்னால் நடந்து, திரும்பி, இடது முழங்காலை உயர்த்தி வலது கையால் தொட வேண்டும். நெஞ்சளவுத் தண்ணீரில் நின்ற மற்ற எல்லோரும் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தேன்.

அந்த நீச்சல் குளத்துக்கு நான் நோயாளியாகப் போகவில்லை. என் கணவர் அந்தோணிக்கு மூட்டுத் தேய்மானம். தண்ணீருக்குள் உடல் எடை முழங்காலை அவ்வளவாக அழுத்தாது என்பதால், பிரேசர் டவுனில் முதியவர்களுக்கு நடக்கும் நீர்ப் பயிற்சியில் சேர்ந்தார். எங்கள் வீடு இருக்கும் காக்ஸ் டவுனிலிருந்து துணைக்குப் போன நான், சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று கூடவே இறங்கினேன். எனக்கு அறுபத்தெட்டு வயது. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். நூற்றுக்கணக்கான எண்களை மனப்பாடமாக வைத்திருந்தவள்.

மூன்றாவது வாரம், வகுப்பு முடிந்து கரையேறியதும் பயிற்சியாளர் ரேகா என் எதிரிலேயே அந்தோணியிடம் கேட்டாள்:

"அங்கிள், ஆன்ட்டிக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ஆனா மூணு ஸ்டெப் சேர்த்துச் சொன்னா ரெண்டாவதுலயே நின்னுடறாங்க. வீட்லயும் இப்படித்தானா?"

அவர் சிரித்து மறுப்பார் என்று காத்திருந்தேன். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆட்டோவில் வரும்போது சொன்னார். "ஒரு வருஷமா கேஸை நான்தான் ஆஃப் பண்றேன், மேரி. பாலை வச்சிட்டு மறந்து போயிடுற."

"ஏன் சொல்லல?"

"நீ பயந்துடுவியேன்னு."

"நானா?"

சிக்னல் தாண்டிய பிறகு, "நான்தான் பயந்தேன்" என்றார்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. என் வீட்டில், என் அடுப்படியில், ஒரு வருடமாக எனக்குத் தெரியாமல் ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது.

நரம்பியல் மருத்துவர் என்னை ஒரு கடிகாரம் வரைந்து, அதில் பதினொன்றேகால் மணியைக் காட்டச் சொன்னார். வட்டம் அழகாக வந்தது. முட்களை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பேனா என் கையில் அப்படியே நின்றது.

ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் அளவுகள் சரியாக இருந்தன. தலை ஸ்கேனில் கட்டியோ அடைப்போ இல்லை. 'லேசான அறிதிறன் குறைபாடு' என்றார் (நினைவும் கவனமும் வயதுக்கு மீறிக் குறைந்திருக்கும்; ஆனால் அன்றாட வேலைகளைப் பெரும்பாலும் தாமே செய்துகொள்ள முடியும்).

"இது டிமென்ஷியாவா டாக்டர்?"

"இல்லம்மா. சிலருக்கு அப்படி மாறலாம். சிலருக்கு இப்படியே நிக்கும். கொஞ்சம் தேறினவங்களும் இருக்காங்க. தண்ணியில செய்யற பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க. குணமாயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா உடம்பு அசையறது மூளைக்கு நல்லது. ஸ்டெப்பை ஞாபகம் வச்சு செய்யறதும் நல்லதுதான்."

மறுபடி அந்தக் குளத்தில் இறங்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. எல்லார் முன்னாலும் தோற்ற இடம் அது. ரேகா என்னை முன்வரிசையில் நிறுத்தினாள். "வாயால சொல்லிக்கிட்டே செய்ங்க ஆன்ட்டி. தப்பானா பரவாயில்ல." நடை, திருப்பம், முழங்கால் என்று உரக்கச் சொல்லிக்கொண்டே செய்தேன். முதலில் இரண்டு, பல வாரம் கழித்து நான்கு. ஒருநாள் ஐந்து அசைவுகளை விடாமல் செய்தபோது, அந்தோணி தண்ணீரை அடித்துக் கத்தினார்.

எட்டு மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் நிலைமை மோசமாகவில்லை. அவ்வளவுதான். அதற்குள் ஒருநாள் மார்க்கெட் வாசலில், வீட்டுக்கு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அவரை போனில் கூப்பிட்டேன். மூட்டு வலியோடு வேகவேகமாக வந்தார்.

உங்கள் வீட்டில் யாரேனும் இப்படி இருந்தால், மறைத்துக் காப்பாற்றாதீர்கள். சொல்லிவிடுங்கள். அதிர்ச்சிதான். ஆனால் அதை அறியும் உரிமை எங்களுடையது.

இப்போதெல்லாம் தண்ணீரில் கையை நகர்த்தும்போது, அது எங்கே இருக்கிறது என்று முழுதாகத் தெரிகிறது. தண்ணீர் தடுப்பதால் அவசரப்பட முடியாது. குளத்துப் படியில் ஏறும்போது உடம்பின் கனம் படிப்படியாகத் திரும்பி வருகிறது. நாட்கள் அப்படி நினைவுக்கு வருவதில்லை. சில வருகின்றன, சில நழுவிவிடுகின்றன.

இன்று காலை துவட்டிக்கொண்டே கேட்டேன்: "இன்னைக்கு என்ன கிழமைங்க?"

"வியாழன்" என்றார். அன்றுபோல் முகத்தை மூடிக்கொள்ளவில்லை.