யார் கட்டிய கயிறு

என் மகனுக்கு நாலு வயதில் மூளைக் காய்ச்சல் வந்தது. தா.பழூரில் சாதாரணக் காய்ச்சலாகத் தொடங்கி, மூன்றாம் நாள் காலையில் வலிப்பு வந்து கண் செருகிவிட்டது. ஆம்புலன்ஸ் அரியலூர் தாண்டிப் பெரம்பலூர் போய்ச் சேரும்வரை அவன் காலைப் பிடித்துக்கொண்டே போனேன். கூட யாரும் இல்லை. கணவர் குவைத்தில் லாரி ஓட்டுகிறார். மாமியார், மாமனார் இறந்துவிட்டார்கள். என்னைப் பெற்றவர்களோ, நான் விரும்பிக் கட்டிக்கொண்ட அன்றே என்னைத் தலைமுழுகிவிட்டார்கள். மிச்சம் இருந்தது உடையார்பாளையத்து நாத்தனார் ஒருவர்தான். போன் செய்தேன். முந்திரி பொறுக்குகிற நேரம், ஆள் கிடைக்கவில்லை, ரெண்டு நாளில் வந்துவிடுகிறேன் என்றார்.

ஐசியூவுக்குள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் வெளியே இரும்பு நாற்காலி. மற்ற பிள்ளைகளுக்கு ஒரு ஊரே வந்திருந்தது. டிபன் கேரியரைப் பிரித்துப் பேசிச் சாப்பிட்டார்கள். என்னையும் கூப்பிடத்தான் செய்தார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். பாத்ரூம் போகக்கூடப் பயம். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து கூப்பிட்டால் எழுந்து போக அங்கே எனக்கென்று இன்னொரு ஆள் இல்லை. புருஷனிடம் போனில் பேசினால் அவர் அழுதார். அதனால் அதையும் குறைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் கதவு திறந்தது. என் மகனைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் வெளியே வந்தாள். முப்பதைத் தாண்டியிருக்கும், மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் கவரை என் கையில் வைத்து, பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே போய்விட்டாள். பிரித்துப் பார்த்தேன். என் மகனின் அரைஞாண் கயிறு, கத்தரியால் வெட்டியது.

எங்கள் பக்கம் ஆண் பிள்ளையின் இடுப்பு ஒரு நிமிஷம்கூட வெறுமையாக இருக்கக் கூடாது. கயிறு நைந்துபோனால் புதுசைக் கட்டிய பிறகுதான் பழசை எடுப்போம். வெறுமனே அறுத்து எடுப்பது ஒரே ஒரு தடவைதான், உயிர் போன பிறகு. மாமனாருக்கு அப்படி அறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் யாரும் வாயைத் திறந்து சொல்லாமலே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

கதவை இரண்டு கையாலும் தட்டினேன். அவள்தான் வந்து திறந்தாள்.

"எம் புள்ளயக் கொன்னுட்டு கயித்தக் குடுத்துட்டுப் போறியா? ஒன் வயித்துல ஒரு புழு பூச்சி உண்டாவாது பாத்துக்க."

 அவள் என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், என் உள்ளங்கையை மகனின் நெஞ்சில் வைத்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. தொடை இடுக்கில் பெரிய ஊசி போட வேண்டியிருந்தது, கயிறு குறுக்கே இருந்தது, அதனால் வெட்டினேன், சொல்லிவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும், தப்பு என்னுடையதுதான் என்றாள். நான் வெளியே வந்து உட்கார்ந்தேன். சாய்ந்து அழ ஒரு தோள் இருந்திருந்தால் அழுதிருப்பேன். கவரை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன்.

சாயங்காலம் உள்ளே போனபோது மகனின் இடுப்பில், ஊசிக்கு மேலே, காயம் கட்டுகிற துணியைக் கிழித்துத் திரித்து ஒரு கயிறு கட்டியிருந்தது. அவள் வேலைதான். அது நனைந்தால், புதுசு ஒன்றைக் கட்டிவிட்டுத்தான் பழசை வெட்டினாள். அதை என் கண்ணாலேயே பார்த்தேன். அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் நீளம், ஆனால் இதற்கு மட்டும் வாய் வராது.

ஆறாம் நாள் அவன் கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். ஒன்பதாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடிப்போய் ஒரு கறுப்புக் கயிறு வாங்கி வந்தேன். எங்கள் குடும்பத்தில் அதைப் பிள்ளையின் அத்தைதான் கட்ட வேண்டும். நாத்தனாரின் ரெண்டு நாள் இன்னும் முடியவில்லை. நர்ஸ் டியூட்டி முடிந்து வரும்வரை ஐசியூ வாசலில் நின்று, அவளிடம் கயிற்றை நீட்டினேன். அத்தைதானே கட்டணும் என்று அவளே கேட்டாள். அத்தை வரவில்லை என்றேன்.

வார்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டுக் கட்டினாள். முதலில் கயிறு, பிறகுதான் துணியை வெட்டினாள். அன்றைக்கு வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டேன் என்று ஒருவழியாகச் சொன்னேன். அவள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கல்யாணமாயி ஆறு வருசம் ஆவுதுங்க. அதான் கொஞ்சம் வலிச்சுச்சு."

 மகன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் வயிற்றுக்காக நான் வேண்டாத சாமி இல்லை. பலித்ததா என்று இன்றுவரை தெரியாது.

வீட்டுக்கு வந்த மறுநாள் நாத்தனார் ஆப்பிளும் கறுப்புக் கயிறுமாக வந்தார். மகனின் சட்டையைத் தூக்கிப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நான் ஒருத்தி இருக்கயில யாரு கட்டுனா இத?"

"அவன் அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.