நான் தட்டாமல் விட்ட வரி

எங்கள் நீதிபதி அம்மா வந்து சேர்ந்த முதல் நாளே எங்கள் எல்லோருடைய மதியச் சாப்பாட்டையும் முக்கால் மணி நேரம் தள்ளிப்போட்டார். வேலித் தகராறில் மண்டை பிளந்த ஒருவரின் சாட்சியம். அவர் பேச்சில் சொல்வதை நீதிபதி எழுத்துத் தமிழில் வாசகமாக்கிச் சொல்ல வேண்டும். தட்டச்சர் என்ற முறையில் நான் அதைக் கணினியில் தட்ட வேண்டும். தட்டி முடித்து, அடியில் ‘படித்துக் காட்டப்பட்டது, சரி’ என்ற வழக்கமான வரியையும் போட்டு, அச்செடுத்த தாளைச் சாட்சியிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். “படிச்சுக் காட்டிட்டீங்களா?” என்று மேலேயிருந்து குரல் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்தேழு வருஷ வேலையில் ஏழு நீதிபதிகளைப் பார்த்திருந்தேன். ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த வரி எல்லா வாக்குமூலத்தின் அடியிலும் இருக்கும், யாரும் எதையும் படித்துக் காட்ட மாட்டார்கள். நேரம் ஏது? அம்மா சிரிக்கவில்லை. “படிச்சுக் காட்டுங்க, காத்திருக்கோம்” என்றார். எழுந்து நின்று, பசியில் குரல் கம்ம, அந்த மனிதர் சொன்னதை அவருக்கே படித்தேன். வேலிக்கு மேற்கே என்று இருந்ததைக் கிழக்கே என்று அவர் திருத்தினார். சட்டத்தில் எப்போதும் இருந்த வழக்கம்தான். எங்கள் கோர்ட்டுக்கு அன்றுதான் வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். என் கடைசித் தங்கை வயதில் இருப்பவரை ‘அம்மா’ என்று கூப்பிட்டுக்கொண்டு நிற்பது முதல் மாதம் எனக்குக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு அழைத்தால் வர மாட்டார், வாழ்த்து மட்டும் சொல்லி அனுப்புவார். வக்கீல்கள் யாராவது ஊர்க்காரர் என்று உறவு கொண்டாடப் பார்த்தால் அடுத்த வழக்கை அழைக்கச் சொல்லிவிடுவார். ஜாமீன் கொடுத்தாலும் ஆயுள் தண்டனை கொடுத்தாலும் குரல் ஒரே மட்டத்தில் இருக்கும். அதனால் வாசலில் நின்று பெயர் கூப்பிடும் எங்கள் டவாலி அவருக்கு ‘வானிலை அறிக்கை’ என்று பெயர் வைத்திருந்தார். “இன்னைக்கி வானிலை என்ன சொல்லுது?” என்று காலையில் என்னைக் கேட்பார். “வறண்ட வானிலைதான்” என்பேன். அவருக்குள் என்ன ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க நாங்கள் இரண்டு வருஷம் முயன்று தோற்றோம்.

அந்த வழக்கு எங்களிடம் வந்தபோது பாளையங்கோட்டை முழுக்க அதே பேச்சாக இருந்தது. நாங்குநேரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரின் பேருந்து நிலையத்தில், தனியார் பஸ்களுக்கு நேரம் குறித்து விசில் ஊதி அனுப்பும் வேலையில் இருந்த இளைஞன், பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டான். ஒரு பஸ் முதலாளியின் வண்டிகள் தினமும் நேரம் கடந்து நின்று அடுத்த வண்டிக்கான ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போவதை அவன் எழுதி மேலே அனுப்பியிருந்தான். பர்மிட்டே போய்விடும் நிலை. அந்த முதலாளியைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. கோயில் கொடைக்கு இலவச வண்டி விடுவார், பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தருவார். வெட்டியவர்கள் என்று இரண்டு பேர், பக்கத்தில் நின்று ஏவியவர் என்று முதலாளி, ஆக மூன்று எதிரிகள். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கோர்ட் பாஷையில் எதிரி என்றுதான் பெயர். நிலையத்திலிருந்த கேமரா வழக்கம்போல வேலை செய்யவில்லை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கூண்டில் ஏறி, தாங்கள் அன்று கடையே திறக்கவில்லை என்றார்கள். மிஞ்சியது ஒரே ஒரு சாட்சி, மகனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன அவனுடைய தாய்.

விசாரணை தொடங்கிய அன்றே வாசலில் டிவிக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டார்கள். முதலாளிக்கு முதுகுத்தண்டில் கோளாறு, நிற்க முடியாது, நாற்காலி வேண்டும் என்று அவர் வக்கீல் கேட்டார். கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அம்மா அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. “போன மாசம் வழிப்பறி கேஸ்ல ஒருத்தர் கால் வீங்கியிருக்குன்னு கேட்டார், குடுத்தோம். இவருக்கும் குடுங்க” என்று டவாலியிடம் சொன்னார். மத்தியானமே டிவியில் ‘கொலை வழக்கில் நாற்காலி மரியாதை’ என்று ஓடியது. டவாலி என்னிடம் வந்து, “அண்ணாச்சிக்கு நாற்காலியாம்லா, பாத்தியளா? எங்கனயோ வெல பேசியாச்சி” என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன். வழிப்பறிக்காரனுக்குக் கொடுத்ததும் இவருக்குக் கொடுத்ததும் ஒன்றா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுக்கும் செத்துப்போன பையனுக்கும் ஒரே வயது. உண்மையைச் சொன்னால், முதலாளியைப் பார்த்த முதல் நாளே என் மனசுக்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டேன்.

அந்தத் தாய் சாட்சி சொன்ன நாள் கோர்ட்டில் நிற்க இடமில்லை. அவளுக்கும் நாற்காலி போடச் சொன்னார் அம்மா. அவள் உட்காரவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் கொண்டுபோனது, விசில் சத்தம் கேட்காமல் கூச்சல் கேட்டது, இரண்டு பேர் அரிவாளோடு தனக்கு எதிரே ஓடி வந்தது, அவர்கள் முகம், ஒருவன் காதிலிருந்த கடுக்கன், எல்லாம் சொன்னாள். முதலாளியும் அங்கே நின்று பிறகு காரில் ஏறினார் என்றாள். “நீங்க என்ன செஞ்சீங்க?” என்று அரசு வக்கீல் கேட்டார். “கேரியரக் கீழ போட்டா சோறு சிந்திரும்லாய்யா, இடுப்புல வச்சிக்கிட்டே ஓடுனேன்” என்றாள். பார்வையாளர் பக்கம் யாரோ விம்மினார்கள். வேறு நீதிபதியாக இருந்தால் ‘ஓடினேன்’ என்ற ஒரு சொல்லோடு முடித்திருப்பார். அம்மா அதே மட்டக் குரலில், “கீழே போட்டால் சோறு சிந்திவிடும் என்பதால் கேரியரை இடுப்பில் வைத்துக்கொண்டே ஓடினேன்” என்று முழுவதையும் சொன்னார். எனக்குத் திரை கலங்கித் தெரிந்தது.

பிறகு குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் அதட்டவே இல்லை. மெதுவாக, மூன்றாவதாக நின்றவருடைய முகத்தைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். “மொகத்த எங்கன பாக்க? அந்தால திரும்பில்லா காருல ஏறுதாரு. முதுவத்தான் பாத்தேன். நடையப் பாத்தா அவருதான்” என்றாள். முதலாளியை அந்த இடத்தோடு கட்டிப்போட்டிருந்தது இவளுடைய கண் மட்டும்தான். அந்தக் கட்டு அவிழ்கிறது என்று கோர்ட்டில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. அம்மா சொன்னார்: “மூன்றாவதாக நின்றவரின் முகத்தை நான் பார்க்கவில்லை, முதுகை மட்டுமே பார்த்தேன். நடையைப் பார்த்தால் அவர்தான்.” நான் பின்பாதியை மட்டும் தட்டினேன். முன்வரியைத் தட்டவில்லை. கை நடுங்கியது, காது அடைத்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. நன்றாகக் கேட்டது, நன்றாகத் தெரிந்தே விட்டேன். எதிர்த்தரப்பு வக்கீல் நகல் வாங்கிப் பார்த்தால் மனுப் போடுவார், அம்மா கையில் தனிக் குறிப்பு இருக்கும் என்பதெல்லாம் அந்த நேரத்தில் என் புத்திக்கு எட்டவில்லை. அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது.

எழுந்து நின்று படித்துக் காட்டினேன். அந்த இடம் வந்ததும் வேகமாகப் படித்துத் தாண்டினேன். அழுது களைத்தவளுக்கு எங்கே கவனம் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

“யக்கா, நில்லுங்க” என்றாள். “மொகத்தப் பாக்கலன்னு சொன்னேம்லா? அது வரலையே.”

அரசு வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் அம்மாவைப் பார்க்காமல் திரையைப் பார்த்தேன். “சாட்சி சொல்றது சரி. சேருங்க” என்று மேலேயிருந்து அதே வானிலை அறிக்கைக் குரல் வந்தது. அந்த வரியைச் சேர்த்தேன். அச்செடுத்த தாளின் ஓரத்தில், படித்துக் காட்டும்போது சாட்சி சுட்டிக்காட்டியதால் இது சேர்க்கப்பட்டது என்று அம்மா தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். இத்தனை வருஷ வேலையில் முதல் மெமோ, அதுவும் தங்கை வயதுக்காரியிடமிருந்து. ஆத்திரத்தோடு, ‘கவனக்குறைவால் விடுபட்டது’ என்று ஒற்றை வரியில் எழுதிக் கொடுத்தேன். அறைக்குக் கூப்பிட்டார். “கவனக்குறைவுதானா?” என்று கேட்டார். “ஆமாம்மா” என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது, நான் சொன்னது பொய் என்று அவருக்கும் தெரிந்தது. மெமோவில் ‘எச்சரிக்கப்பட்டது’ என்று எழுதினார். “இந்த வழக்கு முடியற வரைக்கும் பக்கத்துக் கோர்ட்லருந்து தட்டச்சர் வரட்டும். உங்களுக்குக் கஷ்டமா இருக்கு” என்றார். நான் கதவுப் பக்கம் திரும்பியபோது, குனிந்து ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டே, “எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. எனக்கு மாத்து ஆள் கிடையாது” என்றார். அந்த இரண்டு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரே வாக்கியம் அது.

தீர்ப்பு நாளன்று நான் கடைசி வரிசையில், பார்வையாளர்களோடு நின்றேன். வெட்டிய இருவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் விஷயத்தில் இந்த ஒரே சாட்சியை முழுமையாக நம்புவதாக அம்மா வாசித்தார். தன் வழக்குக்கே பாதகமான ஒரு பதில் விடுபட்டபோது அதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கியவர், மற்ற இருவரின் முகத்தைப் பார்த்ததாகச் சொல்வதைச் சந்தேகிக்கக் காரணம் இல்லை என்றார். அதே வரியைக் கொண்டு, மூன்றாம் எதிரியின் முகத்தை அந்த இடத்தில் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை, எனவே சந்தேகத்தின் பலனை அவருக்கு அளிப்பதாகவும் வாசித்தார். முதலாளியின் ஆட்கள் வாசலில் வெடி போட்டார்கள். சாயங்காலம் டிவியில் அந்த நாற்காலியைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா அடுத்த நாள் பதினொரு மணிக்கு வழக்கம்போல வந்து உட்கார்ந்து, முதல் வழக்கை அழைக்கச் சொன்னார். கோடை விடுமுறைக்குப் பிறகு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் டவாலிக்கு வடை காபி இல்லாமல் போனது. அம்மாவின் கார் கிளம்பியபோது, அந்த மெமோவுக்கு உண்மையான பதிலை எழுதிக் கொடுக்காமல் விட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் என்னை நகல் பிரிவில் போட்டிருந்தார்கள். போன வருஷம் ஒரு நாள் அந்தத் தாய் அங்கே வந்து நின்றாள். முதலாளியை விட்டதை எதிர்த்து மதுரை ஐகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார்கள், வக்கீலுக்கு அவளுடைய வாக்குமூலத்தின் இன்னொரு நகல் வேண்டுமாம். எடுத்துக் கொடுத்துவிட்டு அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப்போனேன். டீயை ஆற்றிக்கொண்டே, “அந்தம்மா மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். அவன் வெளியதான நடமாடுதான்” என்றாள். “நானும் அன்னைக்கி வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமேன்னு எத்தன நாளு நெனச்சிருக்கேன், தெரியுமா?” அப்பீலில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அன்று அந்த வரி தவறிப்போய் விடுபடவில்லை, நான்தான் வேண்டுமென்று விட்டேன், உனக்காக விட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது என் கண் நிறைந்துவிட்டது. அவள் ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்க்கா. நீங்க படிக்கும்போதே தெரிஞ்சிது. எனக்காவத்தான் செஞ்சிய” என்று என் கையைப் பிடித்தாள். “ஆனா ஒண்ணு. நாளைக்கி அவன் பக்கத்து ஆளு ஒருத்தி ஒங்க எடத்துல உக்காந்து, எம்மவன வெட்டுனவன் மொகத்தப் பாத்தேன்னு நான் சொன்ன வரிய விட்டுட்டான்னா, நான் யாருகிட்டக்கா போயிக் கேப்பேன்?”