நடுக்கதவு

மூத்த மருமகளாக அந்த வீட்டுக்கு வந்ததால் அவளுக்குப் பெரியவள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க நின்றபடி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கால் அவளுடையதாகவே இருக்காது. வந்த பிறகாவது உட்கார முடிகிறதா என்றால், குளிர்காலம் பிறந்ததிலிருந்து அதுவும் இல்லை.

காரணம் கணவரின் நெஞ்சு. "இன்னொரு தடவை சளி கட்டுச்சுன்னா தாங்க மாட்டாரும்மா. குளிர்காத்து படவே கூடாது," என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்ல அவருக்கென்ன, வாயா வலிக்கப் போகிறது? அந்தப் பழைய வீட்டில் காற்று நுழைய வழியா இல்லை! வாசல்கதவின் விளிம்பெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினாள். கீழ் இடுக்குக்குப் பழைய கம்பளியைச் சுருட்டி வைத்தாள். சமையலறைக் குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையில் ஓர் எலி குடும்பமே நடத்தலாம். அதில் துணியைத் திணித்து மேலே பசை பூசினாள். ஒவ்வோர் இடத்திலும் ஈரக் கையை நீட்டிப் பார்ப்பாள். சில்லென்றால் மறுபடியும் முட்டி போட வேண்டியதுதான்.

மிச்சம் நடுக்கதவு ஒன்றுதான். மாமனார் போன பிறகு கணவரும் அவர் தம்பியும் வீட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி யாருக்கு என்பதில் பேச்சு முறிந்து, அந்தக் கதவுக்குத் தாழ் விழுந்தது. பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த டாக்டர் மருந்து தருவார்? அதோடு மருமகள்களுக்கும் பேச்சு நின்றது. கூடப்பிறந்தவள்போல் ஒட்டிக்கொண்டிருந்த சின்னவளைத் தெருவில் கண்டாலும் இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். அது வலிக்காமலும் இல்லை.

"இந்த இடுக்கையும் அடைச்சிட்டா அவ மூச்சுக்காத்துகூட இந்தப் பக்கம் வராது," என்று கணவரிடம் சொல்லிவிட்டு, பசைக்குழாயோடு கதவின் முன் குப்புறப் படுத்தாள். திரும்ப எழுந்திருக்க முடியுமா என்பதே சந்தேகம்தான்.

கன்னத்தில் காற்று பட்டது. சில்லென்று இல்லை, வெதுவெதுப்பாக இருந்தது.

இடுக்கு வழியே பார்த்தாள். செக்கச்செவேலென்று வெளிச்சம். சின்னவளுடைய ஹீட்டர் கதவை ஒட்டி, இந்தப் பக்கம் பார்த்து நின்றது. அதற்குப் பின்னால் சின்னவளின் கால்கள் தெரிந்தன. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காலுறை போட்டிருந்தாள்.

பெரியவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அழுகையும் வந்தது. பசைக்குழாயை மூடி ஓரமாக வைத்தாள்.

"அங்க உனக்குக் குளிரலையாடி?" என்று இடுக்கு வழியாகவே கேட்டாள்.

அந்தக் கால்கள் கதவருகே நகர்ந்து வந்தன.

"குளிருதுதான் அக்கா," என்றாள் சின்னவள். "ராத்திரியெல்லாம் மாமா இருமுறது இங்க கேக்குதே. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

பெரியவள் கதவைப் பிடித்து மெல்ல எழுந்தாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். துருவேறி இறுகிக் கிடந்தது.

"நீ அந்தப் பக்கமிருந்து கதவைத் தள்ளுடி," என்றாள். "எனக்குத் தனியா முடியல."