சைரன் அடித்தால் எந்தப் பக்கம்

எங்கள் மாதா கோயில் பங்கிலிருந்து வருஷா வருஷம் ஒரு பஸ் வேளாங்கண்ணிக்குப் போகும். அங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரம் போனால் என் தங்கச்சி வீடு. இத்தனை வருஷத்தில் ஒரு பஸ்கூட அந்தப் பக்கம் திரும்பினதில்லை. எப்படியாவது திருப்பிவிடலாமென்று போன மாதம் எங்கள் பங்குப் பேரவைச் செயலரை நானே கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வரும் நாற்பது பேரைச் சமாளித்துவிடலாம், இந்த ஒருத்தரைச் சமாளிக்க முடியாது என்பது போன பிறகுதான் தெரிந்தது.

சில வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் தங்கச்சி வீட்டுத் தென்னந்தோப்பு மொத்தமும் ஒரே பக்கமாகப் படுத்துவிட்டது. மறுபடி வைத்த கன்றில் பாதி பிழைக்கவில்லை. மீதி இப்போதுதான் பாளை விடுகிறது. மச்சான் திருப்பூரில் வேலைக்குப் போய்விட்டார். இவள் மட்டும் அங்கேயே இருந்து, நாலு அறை கட்டி, ஒரு பெரிய கொட்டகையும் போட்டு வைத்திருக்கிறாள். யாத்திரை வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கிப் போகட்டும் என்று.

"ஊர் பேரைச் சொன்னாலே எல்லாரும் புயலைத்தான் கேக்கறாங்க அண்ணா. தங்கறதுக்கு யாரும் கேக்கல. ஒரு பஸ் வந்துட்டா அதைச் சொல்லி நாலு பஸ் வரும். இந்த வருஷமும் வரலைன்னா பூட்டிட்டு நானும் திருப்பூருக்குப் போயிடுவேன்" என்று ஆறு மாசமாக போனில் புலம்பல்.

செயலர் எங்கள் தங்கச் சுரங்க ஊரில் கோரமண்டல் பகுதிக்காரர். மைன் மூடுகிறவரை உள்ளே இறங்கி வேலை செய்தவர், அப்புறம் ரிட்டயர் ஆகிறவரை தினமும் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வாட்ச்மேன் வேலை. அந்த ரயிலுக்கு எழுந்து பழகின உடம்பு. விடியற்காலை நாலு மணிக்கே தங்கச்சி வீட்டுக் கதவைத் தட்டி, "காபி ஆச்சாம்மா?" என்று நிற்கிறார். வாய் கொப்பளித்தவுடனே புகார்.

"இன்னாப்பா, தண்ணி உப்பு கரிக்குது?"

"கடல் பக்கம்ணா. அப்படித்தான் இருக்கும்."

"வேளாங்கண்ணி மட்டும் மலை மேலயா இருக்குது?"

காற்று அதிகம், கொசு அதிகம், எங்கள் ஊர் ஆண்டர்சன்பேட்டை மாதிரி முக்குக்கு முக்கு ஒரு டீக்கடை இல்லை. இவர் இப்படி என்றால் தங்கச்சி அதற்கு மேல். வந்தவரிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்லுவாளா? காலையிலேயே அவரை வாசலில் நிறுத்தி, "இந்தக் கூரை அங்க போய் விழுந்துச்சு, அந்த மரம் இங்க விழுந்துச்சு" என்று கையை நீட்டி நீட்டிக் காட்டுகிறாள். தங்க வருகிறவரிடம் எவளாவது கூரை பறந்த கதையைச் சொல்லுவாளா? கண்ணைக் காட்டினேன். "இன்னா கண்ணு சிமிட்டற? நடந்ததைத்தானே சொல்றேன்" என்று சத்தமாகவே கேட்டாள்.

இரண்டாம் நாள் காலை இடியாப்பமும் இறால் குழம்பும். மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்டு, "பரவால்லம்மா" என்றார் செயலர். எங்கள் ஊரில் பரவாயில்லை என்றால் மெடல் குத்தின மாதிரி. அப்பாடா, பஸ் வந்துவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து சைரன் அடித்தது.

எங்கள் ஊரில் மைன் ஓடின காலத்தில் ஷிப்டுக்கு ஷிப்டு சைரன் அடிக்கும். அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நேரங்கெட்ட நேரத்தில் அடித்தால் அப்படியில்லை. உள்ளே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். உலையில் அரிசி கொதித்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஊரே சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலுக்கு ஓடும், யார் மேலே வருகிறார்கள் என்று பார்க்க. மைன் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் செயலர் எச்சில் கையோடு எழுந்து ஓடினார். அவரைச் சொல்லி என்ன? அவருக்கு முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஊர்க்காரர்கள் பலரும் ரோட்டுப் பக்கமிருந்த புயல் பாதுகாப்புக் கட்டடத்தைப் பார்த்து நடந்தார்கள். நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிர்ப்பக்கம். கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "ஏங்க, அந்தப் பக்கம் கடலு!" என்று கத்தினார்.

செயலருக்கு மூச்சு வாங்குகிறது. "எத்தினி பேரும்மா உள்ள?"

"எதுக்குள்ள?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

"மாசா மாசம் அடிச்சு நடந்து பழகுவாங்க, சும்மா ஒத்திகைதான்" என்றார் அந்த அம்மா. "நல்லாத்தான் ஓடுறீங்க. பக்கந்தான் தப்பு."

அதற்குள் தங்கச்சி கரண்டியோடு வந்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வந்த புதுசுல நானும் இப்படித்தான் ஓடினேன். மச்சான்தான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாரு. நாப்பது பேரும் நம்ம ஊரு ஆளுங்க. உண்மையாவே அடிச்சா, ஆபத்து எங்கயோ அங்க ஓடற பழக்கத்துல நாப்பது பேரும் கடலப் பாத்து ஓடுவீங்க. நான் எத்தினி பேர் கையப் புடிப்பேன்? பஸ் வேணாம் அண்ணா."

எனக்குத் தலையை எங்கே முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை. "ஆறு மாசமா நீதானே உசுர வாங்கின!" என்றேன்.

செயலருக்கு அதைவிடக் கோபம். "நாங்க வர்றோம்னு நான் இன்னும் சொல்லவே இல்ல. அதுக்குள்ள நீ எப்படிம்மா வேணாம்பே?"

"நீங்க சொல்லுங்க, சொல்லாம இருங்க. என் பொறுப்புல யாரும் சாகக் கூடாது."

அவர் கடலுக்கு முதுகைத் திருப்பினார். குழம்பு அவர் கையிலேயே காய்ந்துபோயிருந்தது. "அந்தக் கட்டடத்துக்கு எப்படிம்மா போறது?" என்றார்.

தங்கச்சி எங்களை நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் வீட்டு வாசலிலிருந்து. பிறகு கொட்டகையிலிருந்து. மூன்றாவது தடவை செயலரை முன்னால் போகச் சொன்னாள். குளத்தங்கரையில் இடது பக்கம் திரும்பிவிட்டார். "திரும்ப முதல்லேருந்து" என்றாள். உச்சி வெயில். திட்டிக்கொண்டே நடந்தார், ஆனால் நடந்தார்.

நாலாவது தடவை கட்டடத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஒரே ஒரு ராத்திரிதான் தங்குவோம். நாப்பது இல்ல, நாப்பத்திரண்டு பேரு. அதுல என் சம்சாரம் முட்டி ஆபரேஷன் பண்ணவ."

"அப்போ அவங்கள இந்தப் படியில யாரு தூக்குவாங்க?" தங்கச்சி போனைக் கையில் எடுத்தாள். "ஆளச் சொல்லுங்க. எழுதிட்டுத்தான் விடுவேன்."

"இவன்தான்" என்று என்னைக் காட்டினார் செயலர்.

தங்கச்சி எழுதிக்கொண்டாள். இரண்டு பேருமே என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.