மூச்சக்காவின் சின்னத்திரை

ரெசிஸ்டர்களை வெள்ளைத் தட்டில் கொட்டி, ஒன்றை மட்டும் நகத்தால் ஒதுக்கி எடுத்து, அதன் இரண்டு கால்களிலும் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்க்கிறார் மூச்சக்கா. உடம்பைச் சுற்றியிருக்கும் வண்ணக் கோடுகளே அது மின்சாரத்தை எவ்வளவு தடுக்கும் என்று சொல்லிவிடும். ஆனாலும் அவருக்கு மனம் ஒப்பாது. மீட்டர் காட்டும் எண்ணை ஜன்னலைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு, பழைய ஈசிஜி தாளின் இளஞ்சிவப்புக் கட்டமொன்றில் அதைக் குத்திச் செருகி, பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்கிறார்.

"கோடு பொய் சொல்லாது. என் கண்ணு சொல்லும். இந்த வயசுல சிவப்பும் ஆரஞ்சும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு."

மத்தியானம் மூன்று மணி. காலை ஷிப்ட் முடிந்து, சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்த ஈரம்கூட அவர் கையில் முழுதாகக் காயவில்லை. வெயில் மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்கிறது. சின்னச் சின்ன பொட்டலங்கள், விரல் நீளத்துக்கு ஒரு பச்சை அட்டை, தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய திரை. எல்லாவற்றையும் சேர்த்து ஈயம் வைத்து ஒட்டினால் ஆசிலோஸ்கோப் ஆகிவிடும் என்று உடன் வந்த தாள் சொல்கிறது. மின்சாரம் எப்படி ஏறி இறங்குகிறது என்பதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி. பெரிய கடைகளில் விற்கும் ஸ்கோப்பின் விலைக்கு ஸ்கூட்டரே வாங்கலாம். இது, குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே போய்ச் சாப்பிடுகிற காசு.

மூச்சக்கா என்பது ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்ட பெயர். இருபத்தேழு வருடமாக ஈசிஜி அறையில் வேலை. வருகிறவர்கள் பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு கட்டிலில் மரக்கட்டையாகக் கிடப்பார்கள். "மூச்ச விடுங்க. யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க" என்பார் இவர். நோயாளியைத் தொடும் முன் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். அந்தப் பழக்கம் அறைக்கு வெளியேயும் கூடவே வந்துவிட்டது. கடையில் மீதிச் சில்லறைக்குக் கை நீட்டும் முன்னாலும் தேய்ப்பார். கடைக்காரர் ஏதோ பெரிய தொகை கேட்கப் போகிறாரோ என்று மிரண்டு பார்ப்பார்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் போயிற்று. வெளியே மின்கம்பிகள் ஒரு கம்பத்திலிருந்து தாழ்ந்து, அடுத்த கம்பத்துக்கு ஏறி, மறுபடி தாழும். அதைப் பார்த்தபடியே இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டைவிட்டு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வருவார். மாடியில் காயும் வேட்டியின் ஓரம் காற்றில் நெளிந்தால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார். "இது நல்லா போகுது," என்பார். பக்கத்துக் கொடியில் குழந்தைச் சட்டை படபடக்கும். "இவனுக்குத்தான் என்ன அவசரமோ."

ஆனால் வேலையில் வாய் திறக்க மாட்டார். கோடு எடுப்பது அவர் பொறுப்பு, படித்துச் சொல்வது டாக்டர் பொறுப்பு. தாளில் என்ன கண்டாலும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. அத்தனை வருடப் பயிற்சி.

அந்த முகத்தை ஒரு காலை நேரம் கலைத்துவிட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கண்டக்டரைக் கொண்டுவந்தார்கள். சீருடை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூச்சக்கா கம்பிகளை மாட்டி எந்திரத்தை ஓட்டினால், தாள் முழுக்கப் புல் முளைத்த மாதிரி ஒரே நடுக்கம். இதயத்தின் கோடு அதற்குள் எங்கோ தொலைந்துபோயிருந்தது. "அண்ணே, நடுங்காதீங்க. கொஞ்சம் நடுங்காம இருங்க," என்று கெஞ்சி மறுபடி எடுத்தார். மறுபடியும் புல். நான்கு முறை. டாக்டர் தாளைத் தூக்கிப் பிடித்து, "இது மெஷினா, மனுஷனா?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றார் மூச்சக்கா.

வேறு அறைக்குக் கொண்டுபோய், வேறு எந்திரத்தில் எடுத்து, மருந்து ஏற்றுவதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. கண்டக்டர் பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத்தில் ஒரு மூலை சோர்ந்துபோனது. ஓடும் பேருந்தில் நின்று டிக்கெட் கிழிக்க முடியாது என்று, டிப்போவில் ஒரு நாற்காலியில் உட்கார்த்தி வைத்துவிட்டார்கள்.

எந்திரத்தைப் பார்க்க ரிப்பேர்காரர் வந்தார். வயதில் சின்னவர், நல்ல மனிதர். திருப்பித் திருப்பிச் சோதித்தார். "மெஷின் தங்கம்க்கா. பேஷன்ட்தான் நடுங்கியிருப்பார்," என்றார். அவர் பெட்டியில் ஒரு சின்னத் திரையில் பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. "இது என்ன தம்பி?" என்று மூச்சக்கா கேட்டதற்கு, "ஸ்கோப்புக்கா. விடுங்க, உங்களுக்குப் புரியாது," என்றார்.

அந்த ஒரு சொல்தான். கோபம் என்று சொல்ல முடியாது. வாழ்நாளெல்லாம் கோடு பார்த்தவருக்கு ஒரு கோடு புரியாதா என்ற யோசனை, செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி நடக்கும்போதெல்லாம் உறுத்தியது. சம்பளம் வந்த வாரத்தில் பொட்டலம் வீட்டுக்கு வந்துவிட்டது.

கணவர் வீடுகளுக்கு வெள்ளையடிப்பவர். காதோரம் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். மேசையைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஆஸ்பத்திரியில பார்க்கிற கோடு பத்தலையா? வீட்டுலயும் கடை போட்டுட்டியே?" என்றார்.

"அங்க பார்க்கிறது அடுத்தவங்க கோடுங்க. இது என் கோடு."

"அப்போ எனக்கு ஒரு கோடு டீ கிடைக்குமா?"

டீ கிடைத்தது. ஈயப் புகையின் வாசனையோடு.

பதினோரு மத்தியானங்கள் ஆயின. சூடான முனையைத் தொட்டதும் ஈயம் ஒரு நொடி தயங்கி, பிறகு மனம் மாறியதுபோல் பளபளவென்று உருகிப் பரவும். அந்த நொடிக்காகவே மூச்சக்கா கண்கொட்டாமல் குனிந்திருப்பார். புகை எழுந்து வெயில் பட்டையில் சுருண்டு, திரைச்சீலையைத் தொட்டு மறையும். சில நாள் ரெசிஸ்டரின் இரண்டு கால்களை மட்டும் ஒட்டிவிட்டு, சூட்டுக்கோலைத் தாங்கியில் சாய்த்துவிட்டு, புகை போன வழியையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். தெருவில் சைக்கிள் மணி, மாடியில் யாரோ நாற்காலியை இழுக்கும் ஓசை, குழாயில் சொட்டும் தண்ணீர். எல்லாம் ஏதோ ஒரு திரையில் கோடாக ஓடுவதாக அவருக்குத் தோன்றும். அப்படியே கண் சொக்கிவிடும்.

பன்னிரண்டாம் நாள் ஒன்பது வோல்ட் பேட்டரியை மாட்டினார். திரை எரிந்தது. நடுவில் மஞ்சளாக ஒரு கோடு. நேர்கோடு. ஏற்றமில்லை, இறக்கமில்லை.

இது பொம்மை, இதற்குள் உயிரில்லை என்று அறிவு சொன்னது. ஆனாலும் கை குளிர்ந்துவிட்டது. அட்டையைத் திருப்பி ஈயம் வைத்த ஒவ்வொரு ஒட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். எதிலும் குறையில்லை. கால் மணி நேரம் கழித்துத்தான் ஓரத்திலிருந்த சின்ன சுவிட்ச் கண்ணில் பட்டது. எதையும் உள்ளே விடாதே என்று பூட்டி வைக்கும் இடத்தில் அதை அவரே தள்ளி வைத்திருந்தார். நகத்தால் ஒரு தட்டு.

கோடு எழுந்தது. மேலே ஏறி, சமமாக நடந்து, கீழே இறங்கி, மறுபடி ஏறி. வரிசையாகச் சதுரங்கள். சோதித்துப் பார்க்க கருவியே உண்டாக்கித் தரும் அலை. மூலைகள் மட்டும் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி மழுங்கியிருந்தன. தாளில் சொன்னபடி ஊசிமுனைத் திருப்புளியால் ஒரு திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். மூலை கூர்மையானது. கொஞ்சம் கூடினால் கொம்பு முளைத்தது. திரும்ப வந்தார். வெயில் மேசையை விட்டு இறங்கித் தரைக்குப் போயிருந்தது. கணவர் வந்து எட்டிப் பார்த்து, "வீடு கட்டிட்டியா?" என்றார். மூச்சக்கா தலை நிமிராமல் சிரித்தார்.

அதன் பிறகுதான் வேடிக்கை. கருவியின் கம்பியோடு ஒரு முழ ஒயரைக் கட்டி, வீட்டுக்குள் அறை அறையாக நடந்தார். சுவரை நெருங்கினால் கோடு தடித்தது. விலகினால் இளைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் சுவருக்குள் போகும் மின்சாரம் காற்றிலேயே கசிந்து, ஒரே சீராக, நொடிக்கு ஐம்பது அலை. சீப்புப் பல் மாதிரி ஒன்றோடொன்று அச்சாக இருந்தது. கணவரின் தலைமாட்டில், குளியலறை வாசலில், அலமாரிக்குப் பின்னால். வீடு முழுக்க ஏதோ முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, இத்தனை வருடமாக.

விடுமுறை நாளொன்றில் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஈசிஜி அறையில் யாருமில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒயரை நீட்டினார். சாதாரணமாகத்தான் இருந்தது. ஏமாற்றத்தோடு மூட்டை கட்டப் போனபோது, சுவருக்கு அந்தப் பக்கம், துணி துவைக்கும் அறையில் யாரோ வெந்நீர் எந்திரத்தைப் போட்டார்கள். கோடு திரையை விட்டே வெளியே எகிறியது.

அதே கட்டிலில் தானே படுத்து, தன் மார்பில் தானே கம்பிகளை மாட்டிக்கொண்டு, ஒரு கையால் பொத்தானை அழுத்தித் தாள் எடுத்தார். புல். கோப்பில் கிடந்த கண்டக்டரின் தாளைப் பக்கத்தில் விரித்துப் பூதக்கண்ணாடியால் எண்ணினார். நொடியில் ஐந்தில் ஒரு பங்கான ஒரு பெரிய கட்டத்துக்குப் பத்துப் பல். நொடிக்கு ஐம்பது, வீட்டுச் சுவரில் பார்த்த அதே அலை. தன்னுடையதிலும் பத்து. அடுத்த கட்டம், அதற்கடுத்தது, எல்லாம் பத்து.

ரிப்பேர்காரர் வந்து சுவர்ப் பெட்டியைத் திறந்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் கம்பி எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வந்த அன்றைக்கு வெந்நீர் ஓடவில்லையே என்று தலையைச் சொறிந்தவர், பச்சை அட்டையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "யாருக்கா இதை ஒட்டினது?"

"எனக்குப் புரியாததை நான்தான் ஒட்டினேன்."

"மன்னிச்சிடுங்கக்கா. என் ஒட்டைவிட சுத்தமா இருக்கு."

அடுத்த மாதச் சோதனைக்குக் கண்டக்டர் வந்தார். இரண்டு படி ஏறி ஒருமுறை நின்று, மறுபடி இரண்டு. கட்டிலில் படுத்ததும் வழக்கம்போல, "தங்கச்சி, உன் மெஷின் இன்னைக்கு நல்ல மூடுல இருக்கா?" என்றார். இத்தனை மாதமும் அந்தக் கேள்விக்கு மூச்சக்கா தாளைப் பார்த்தபடியே பதில் சொல்லியிருக்கிறார். கோடு தெளிவாக வந்தது. கம்பிகளைக் கழற்றிவிட்டு, முதல் முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணே, அன்னைக்குத் தாள்ல நடுங்கினது நீங்க இல்ல. இந்தச் சுவரு. உள்ள ஒரு கம்பி சரியில்ல. எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். அந்த இருபது நிமிஷம் என்னாலதான் போச்சு."

கண்டக்டர் பாதி போட்ட சட்டைப் பொத்தானை அப்படியே விட்டுவிட்டார். "என்ன சொன்ன? நான் நடுங்கலையா?"

"குளிர்ல கொஞ்சம் நடுங்கினீங்க. ஆனா பயந்தவங்க யாரும் இவ்வளவு கணக்கா நடுங்க மாட்டாங்க. ஒரு கட்டத்துக்குப் பத்து. எண்ணிப் பார்த்துட்டேன்."

கழற்றிப் போட்டிருந்த கம்பிகளை அவர் ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, "நீ நடுங்காதீங்க, நடுங்காதீங்கன்னு சொன்னியா, நான் கெட்டியாப் பல்லைக் கடிச்சிட்டுக் கிடந்தேன்மா. அப்பவும் தாள் சரியா வரல. பயந்தாங்கொள்ளித்தனத்தால நானே என்னைக் கெடுத்துக்கிட்டேன்னு நினைச்சிட்டேன். வீட்டுல கேட்டாக்கூட இதைச் சொன்னதில்ல. எவ்வளவு நாளு..." என்று இழுத்தார்.

இத்தனை நாள் ஒரே பாரத்தை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு, இருவருமே தனியாகத் தூக்குவதாக நினைத்திருக்கிறார்கள்.

"எங்க, காட்டு அந்தச் சுவரை" என்றார் கண்டக்டர்.

மூச்சக்கா பையிலிருந்து கருவியை எடுத்து, ஒயரின் நுனியை அவரிடம் கொடுத்தார். கண்டக்டர் அதைச் சுவருக்கருகே கொண்டுபோனார். கம்பியைச் சரிசெய்த பிறகும் கொஞ்சம் அலை மிச்சமிருந்தது. கோடு தடித்தது. விலக்கினார். இளைத்தது. மறுபடி நெருங்கினார், மறுபடி விலகினார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த மஞ்சள் கோடு மூச்சுவிடுவதுபோல் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே காத்திருந்த அடுத்த நோயாளி இருமினார். அதன் பிறகுதான் கண்டக்டர் ஒயரைத் திருப்பிக் கொடுத்து, மேல் பொத்தான்வரை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, உள்ளங்கையால் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார், வண்டி கிளம்பலாம் என்று டிரைவருக்குச் சொல்வது போல.