மைதானப் பராமரிப்பில் உதவினார்

என் பேத்தி அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் அந்தக் கல்லூரியின் இணையப் பக்கம் ஒன்றை என் கைப்பேசிக்கு அனுப்பினாள். அவர்களுடைய கால்பந்து அணிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமைப் பயிற்சியாளரைப் பற்றிய பக்கம். கூடவே ஒரு குரல் செய்தி: "அப்புச்சி, நீங்களும் காலேஜ் ஃபுட்பால் கோச்தானுங்களே, படிச்சுப் பாருங்க."

அங்கே கால்பந்து என்றால் தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. அது போகட்டும். என்னை இருந்த இடத்தில் உட்காரவைத்தது வேறு. அந்த இணையப் பக்கத்தில் முக்கால்வாசி அந்த மனிதர் இதற்கு முன் என்னென்ன செய்தார் என்பதுதான். எந்தப் பள்ளியில் தொடங்கினார், யாருக்குக் கீழே துணைப் பயிற்சியாளராக இருந்தார், எந்த வேலையிலிருந்து அவரை நீக்கினார்கள், நீக்கிய பிறகு எந்தச் சிற்றூருக்குப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். எல்லாவற்றையும் யாரோ பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட இவ்வளவு விசாரிப்பதில்லை.

"ரொம்ப சந்தோசம் கண்ணு" என்று பதில் போட்டேன். அன்று முழுக்க யாரைப் பார்த்தாலும் எரிச்சல். காப்பியில் சர்க்கரை குறைவு என்று மகளிடம் ஒரு பாட்டம் கத்தினேன். நான் கால்பந்துப் பயிற்சியாளராக ஒரு நாளும் இருந்ததில்லை. கல்லூரிப் பதிவேட்டில் மூன்று வருடம் அப்படி இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான பயிற்சியாளருக்கு அதே கல்லூரி கொடுத்த தாளில் இருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுதியவன் நான்.

நான் நீளம் தாண்டுகிறவன். பல்கலைக்கழகத்துக்காகத் தாண்டியிருக்கிறேன். உடற்கல்வியில் முதுகலை முடித்து, திருப்பூருக்கு வடக்கே நெருப்பெரிச்சல் பக்கம் பனியன் ஏற்றுமதிக்காரர்கள் சேர்ந்து நடத்திய ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்தேன். இயக்குநர் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குக் கீழே இயங்கியது ஒரு விசிலும் ஒரு பீரோவும்தான். புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஒருநாள் தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏனுங்க, நம்ம காலேஜுல ஃபுட்பால் டீம் இருக்குதுங்களா?"

"இல்லீங்க. வாலிபால், கபடி இருக்குதுங்க."

"இருக்குதுன்னு நம்ம ஃபாரின் பையர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க. அந்த மனுசன் ஃபுட்பால்னா உசிர உடுவாராட்ட இருக்குது. அடுத்த சீசனுக்கு இங்க வர்றாரு. ஒரு டீமு ரெடி பண்ணிப்போடுங்க."

ஆர்டர் போல வந்தது, டெலிவரி தேதியோடு. அந்த வெளிநாட்டு வாங்குநருக்குக் கொடுக்க வழவழ தாளில் ஒரு அறிமுகக் கையேடு அடித்தார்கள். அதில் என் படம். கீழே ஆங்கிலத்தில் தலைமைப் பயிற்சியாளர், முன்னாள் பல்கலைக்கழக வீரர் என்று போட்டிருந்தது. நானே எழுதிக் கொடுத்ததுதான். அதில் பொய் ஒன்றும் இல்லை. எந்த விளையாட்டு என்று மட்டும் எழுதவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகள் பெரும்பாலும் இப்படித்தான், பொய் சொல்லாமலேயே செய்தவை.

புதுத் துணியின் வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஊரில் அது கொஞ்சம் வேறு. சாயமும் நீராவியும் மெழுகும் கலந்த ஒரு வாசனை. மூட்டையை அவிழ்த்ததும் மூக்கில் ஏறும். எங்கள் அணிக்குச் சட்டைகள் அப்படித்தான் வந்தன. தாளாளர் கம்பெனியில் பழுதென்று ஒதுக்கிய விளையாட்டுச் சட்டைகள் ஒரு மூட்டை. ஒன்றில் கழுத்து கோணல், ஒன்றில் எண்ணெய்க் கறை. மூட்டையோடு கம்பெனி வேனில் வந்து இறங்கியவர்தான் மரியதாஸ்.

கடற்கரை ஊர்க்காரர், தெற்கே. அங்கே பங்குக் கோயில் மைதானத்தில் ஆட ஆரம்பித்து மாவட்ட அணி வரை ஆடியவர். தபால் வழியில் பி.ஏ. முடித்துவிட்டு, தாளாளர் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்றுகொண்டிருந்தார். தைத்து வரும் சட்டைகளைக் குழல்விளக்கின் கீழ் விரித்துப் பழுது பார்க்கிற வேலை. பழுது இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தையல்காரருக்குத் திருப்பி அனுப்புவார்கள். அதற்கு ஆல்டர் என்று பெயர்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்று நான் நூலகப் புத்தகம் ஒன்றைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு பையன்களுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள். அவர் மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்று பார்த்தார்.

"சார், கோவிச்சுக்கிடாதிய. அந்தப் பையன் ஓடுத எடம் தப்பு."

"புத்தகத்துல இப்படித்தானுங்க போட்டிருக்குது."

"புத்தகத்துல எதிர் டீமு இல்லைலா சார்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் காலை ஆறிலிருந்து எட்டு வரை வருவார். எட்டரைக்கு ஷிப்ட். பையன்கள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். எனக்கு சார் மட்டும்தான். கத்துவது, விசில் ஊதுவது எதுவும் அவரிடம் கிடையாது. செக்கிங் மேசையில் நிற்கிற மாதிரியே நிற்பார். ஒவ்வொருவனையும் முன்னால், பின்னால், பக்கவாட்டில் பார்ப்பார். ஆட்டம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து அந்தச் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்துப் பழுது உள்ள இடத்தில் ஒட்டிவிடுவார். ஒருவனுக்கு இடது முட்டியில், ஒருவனுக்குத் தோளில்.

தாராபுரம் பக்கத்துப் பையன் கதிர்வேல்தான் எங்கள் கோல்கீப்பர். ஆள் ஆறடி. பந்து வருகிற நொடியில் கண்ணை மூடிக்கொள்வான். அவனுக்குப் புருவத்துக்கு மேல் ஒட்டினார்.

"மாஸ்டர், இதோட கிளாஸுக்குப் போனா புள்ளைங்க சிரிக்கறாங்க மாஸ்டர்."

"சிரிக்கட்டும் மக்கா. அப்பவாச்சும் கண்ணத் தொறந்து வச்சிருப்ப."

ஒருநாள் நான் கேட்டேன், "எல்லாருக்கும் ஆல்டர்னே சொல்றீங்க, ரிஜெக்ட்டுன்னு யாரையும் தள்ளமாட்டீங்களா?" அவர் யோசித்துவிட்டு, "வெளிப்பக்கம் பாத்துத் தள்ளப்படாது சார். உள்பக்கம் திருப்பிப் பாக்கணும். தையல் பூரா அங்கதான கெடக்கு" என்றார். அதைக் கேட்டு எனக்குள் சின்னதாக ஒரு பொறாமை வந்தது. இருபது வருடம் ஆசிரியனாக இருந்த எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வாய்த்ததில்லை.

வாங்குநர் வந்தார். ஆட்டத்தைப் பார்த்து உண்மையாகவே சந்தோஷப்பட்டார். யார் பயிற்சியாளர் என்று கேட்டார். தாளாளர் என்னைக் காட்டினார். அந்த மனிதர் என் கையைக் குலுக்கி, பின்வரிசையை எப்படி இவ்வளவு முன்னால் நிறுத்துகிறீர்கள் என்றார். நான் "யெஸ், யெஸ்" என்றேன். மரியதாஸ் அப்போது கோல் கம்பத்துக்குப் பின்னால், கோடு போட்டு மிஞ்சிய சுண்ணாம்பு வாளியோடு நின்றார். கூப்பிட்டு அறிமுகப்படுத்தப் பத்து எட்டு வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை.

மூன்றாவது வருடம் கல்லூரிகளுக்கு இடையிலான மண்டலப் போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். பயிற்சியாளர் நாற்காலியில் கல்லூரி அடையாள அட்டை உள்ளவர்தான் உட்காரலாம் என்றார்கள். மரியதாஸிடம் இருந்தது கம்பெனி அட்டை. அவர் கயிற்றுக்கு வெளியே கூட்டத்தோடு நின்றார். நாற்காலியில் நான். அவர் அங்கிருந்து கையால் ஏதோ சைகை காட்டுவார். எனக்குப் பாதி புரியாது. புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டுப் பையன்களிடம் "மாஸ்டரைப் பாருங்கடா" என்பேன். சமனில் முடிந்து பெனால்டிக்குப் போனது. கடைசி உதையைக் கதிர்வேல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பிடித்தான். மறுநாள் செய்தித்தாளில் கோப்பையோடு நான் நிற்கிற படம். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் நானே என்னை நம்பிவிடுவேன்.

சில வாரம் கழித்து மரியதாஸ் என் அறைக்கு வந்தார். அவர் ஊர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கால்பந்துப் பயிற்சியாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். விடுமுறையெடுத்து ஆறு வாரப் பயிற்சிப் படிப்பு ஒன்றை முடித்து அந்தச் சான்றிதழும் வாங்கி வைத்திருந்தார்.

"எல்லாம் இருக்கு சார். எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் ஒண்ணுதான் கேக்காங்க. மூணு வருசம் காலேஜ் டீமுக்குப் பந்து சொல்லிக் குடுத்தேன்னு நீங்க ஒரு வரி எழுதித் தந்தியன்னா போதும். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அங்கன கெடக்காவ. நான் இங்கன கெடக்கேன்."

"அதுக்கென்னங்க, தாராளமா. வெள்ளிக்கிழமை வாங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து மரியாதையைப் பற்றி எல்லோரும் புகழ்வார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. வார்த்தைக்கு வார்த்தை ங்க போட்டுவிட்டால், உள்ளே எதை வேண்டுமானாலும் மறைத்து வைத்துக்கொள்ளலாம். அந்த மாதம் எனக்குத் துறைத் தலைவர் பதவி கொடுப்பதாகப் பேச்சு. என் கோப்பில் முதல் தாள் அந்த மண்டலக் கோப்பைதான், "இவருடைய மூன்றாண்டுப் பயிற்சியின் விளைவாக" என்று. மரியதாஸுக்கு உண்மையை எழுதிக் கொடுத்தால் ஒரே அலுவலகத்திலிருந்து இரண்டு தாள் ஒன்றையொன்று மறுக்கும். யார் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார்கள்? ஒருவரும் இல்லை. அதை இப்போது நினைத்தால்தான் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. தெரிந்துவிடுமோ என்று பயப்பட எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் இழுத்தடித்தேன். மூன்றாவது வாரம் தட்டச்சு செய்து கொடுத்தேன். திரு. மரியதாஸ் மூன்று ஆண்டுகள் எங்கள் கல்லூரியில் மைதானப் பராமரிப்பிலும் விளையாட்டுப் பொருள்களைப் பாதுகாப்பதிலும் உதவினார், நன்னடத்தை உடையவர். அவ்வளவுதான்.

அவர் நின்றபடியே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"சுண்ணாம்பு போட்டது நெசந்தான் சார்" என்றார். பிறகு தாளை மேசையில் வைத்து, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "பந்துன்னு ஒரு வார்த்த சேக்கலாமா சார்?"

"தாளாளர் கையெழுத்து ஆயிப்போச்சுங்களே. இனி மாத்த முடியாதுங்க."

தாளில் இருந்தது என் கையெழுத்து மட்டும். அவருக்கு அது தெரிந்திருக்கும். பழுது பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர். "செரி சார்" என்று மடித்து எடுத்துக்கொண்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல மைதானத்துக்கு வந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் நான் மைதானத்துப் பக்கமே போகவில்லை. மாதக் கடைசியில் அவர் கம்பெனியை விட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

எனக்குப் பதவி வந்தது. அணிக்கு நானே பயிற்சி கொடுக்கப் போனேன். மூன்றாம் நாள் கதிர்வேல் வந்து, "சார், நீங்க சிரமப்பட வேண்டாமுங்க, நாங்களே ஆடிக்கறமுங்க" என்றான். இதைவிடப் பணிவாக ஒருவனை வெளியே அனுப்ப முடியாது. அடுத்த வருடம் அணியே இல்லை.

கதிர்வேலைச் சில வருடம் முன்பு ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். துணியில் படம் அச்சடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து அவனாகவே சொன்னான்.

"நம்ம மாஸ்டரு அந்தக் காலேஜுக்குப் போனாருங்களாமா சார். லெட்டரப் பாத்துப்போட்டு, கிரவுண்ட்மேன் வேல ஒண்ணு காலியாத்தான் இருக்குது, சேந்துக்கறீங்களான்னு கேட்டாங்களாமா."

"சேந்தாரா?"

"அது தெரியலீங்க. எவனுங்க சார் அப்படி ஒரு லெட்டரு எழுதிக் குடுத்தது?"

நான் இலையைப் பார்த்துக்கொண்டு, "ஆபீஸ்ல யாராச்சும் எழுதியிருப்பாங்க" என்றேன். அறுபது வயதுக்கு மேல், வாயில் சோற்றோடு.

அதற்குப் பிறகுதான் தேட ஆரம்பித்தேன். மரியதாஸ் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு நூல் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். வாசலில் இருந்த வடக்கத்திப் பையனுக்கு நான் கேட்டது புரியவில்லை. அவன் சொன்னது எனக்குப் புரியவில்லை. கம்பெனி கைமாறிவிட்டது. பழைய ஆட்களின் பதிவேடு எங்கே என்று கேட்டால் சிரிக்கிறார்கள். கல்லூரியும் வேறு அறக்கட்டளைக்குப் போய், பெயர் மாறிவிட்டது. மைதானம் இருந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடமும் பேருந்துகள் நிறுத்தும் இடமும் இருக்கின்றன. கோல் கம்பம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே நிச்சயமில்லை.

பேத்தி அனுப்பிய பக்கத்தைப் படித்த மறுநாள் உட்கார்ந்து அந்தக் கடிதத்தை மறுபடி எழுதினேன். இந்த முறை மூன்று பக்கம் வந்தது. யார் யாருக்கு எந்தப் பழுதைத் திருத்தினார், எந்த ஆட்டத்தில் கயிற்றுக்கு வெளியே நின்றார், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் யார், எல்லாம் எழுதினேன். கல்லூரியின் பெயர் அச்சிட்ட பழைய தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பெயரில் இப்போது கல்லூரி இல்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது ஊருக்குத் திரும்ப நினைத்து என் மேசை முன்னால் நின்ற மரியதாஸுக்கு அப்போது முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது. இன்று அறுபதை நெருங்கியிருப்பார். அறுபதை நெருங்கிய ஒருவரிடம் எந்தக் கல்லூரியும் முன் அனுபவக் கடிதம் கேட்பதில்லை.